அப்பாவின் வலது கண்

காக்ஸ் டவுன்
3 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

இரண்டு வருடத்துக்கு அப்புறம் எழுதுகிறேன். சமாதானத்துக்காக இல்லை. போனில் உன் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறேன், அது அப்படியே இருக்கட்டும். உன் குரலைக் கேட்டால் கல்பள்ளிக் கல்லறைதான் ஞாபகம் வருகிறது. அப்பாவின் பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது, சர்ச்சே பார்த்துக்கொண்டிருக்க, நான் வாயில் வைத்த டிரம்பெட்டை நீ பிடுங்கினாய். “ஊதாதடா, போதும், இன்னிக்காவது ஊதாத” என்று கத்தினாய். மவுத்பீஸ் பட்டு என் உதடு கிழிந்தது. ஏன் அப்படிச் செய்தாய் என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

அதை இப்போது கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு முன்னாலேயே அம்மாவும் போய்விட்டதால், அதற்குப் பதில் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் பாடகர் குழுவோடு நாங்கள் ஐந்து பேர் வாசிக்கிறோம். குழுவை இப்போது நடத்தும் கிளிஃபர்ட், முதல் டிரம்பெட்டுக்கு மேல் டி சுரம் வரை எழுதிவிட்டார். எனக்கு மேல் ஸி வரைதான் வரும், அதுவும் நல்ல நாளில். நாற்பத்துநான்கு வயதில் அதற்கு மேல் ஒரு படி ஏறுவது சின்ன வேலை இல்லை. ஜூலையிலிருந்து, பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு முடித்து வந்ததும் பின்னறையில் மேல் ஸ்தாயிப் பயிற்சி. முதலில் பத்து நிமிடம் கீழ்ச் சுரங்கள். அப்புறம் நடு ஜி-யிலிருந்து அரைப்படி அரைப்படியாக மேலே. ஒவ்வொரு சுரத்தையும் எட்டு எண்ணும்வரை பிடிக்கவேண்டும், பிடித்த நேரம் அளவுக்கு ஓய்வு. உதட்டை அழுத்தக்கூடாது, காற்றுதான் வேலை செய்யவேண்டும் என்று என் மாணவர்களுக்கு நானே சொல்கிறேன். ஆனால் உச்சத்துக்குப் போனதும் நானும் மூச்சை அடக்கித் தள்ளுகிறேன். கழுத்து புடைத்து, முகம் சிவந்து, காதுக்குள் கடகடவென்று கேட்கும். லீனா கதவைச் சாத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவாள்.

செப்டம்பர் பதினேழு, செவ்வாய்க்கிழமை. மேல் ஸி-யில் ஆறு எண்ணியிருப்பேன். வலது கண்ணில் சாம்பல் நிறத்தில் ஏதோ இறங்கியது. வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்ததும் தெளிந்துவிட்டது. களைப்பு என்று விட்டுவிட்டேன். மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் சந்தேகம் வந்து இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, இசைத் தாள் வைக்கும் நோட்டுப் பலகையைப் பார்த்தேன். பக்கத்தின் கீழே இரண்டு வரி இல்லை. கறுப்பாகவோ மங்கலாகவோ இல்லை. அங்கே ஒன்றுமே இல்லை.

கண் டாக்டர் ஒரு இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார். ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தவேண்டும். முடிந்ததும், எங்கெங்கே பார்வை போயிருக்கிறது என்று படத்தைக் காட்டினார். க்ளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும் நோய். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். “டிரம்பெட்தான் இதக் கொண்டுவந்துச்சுன்னு சொல்லமாட்டேன். ஆனா அவ்ளோ மேல ஊதுறப்ப அழுத்தம் இன்னும் ஏறும். இந்தக் கண்ணுக்கு அது ஆகாது” என்றார். அப்புறம் கேட்டார்: “குடும்பத்துல யாருக்காவது இருக்கா? அப்பாவுக்கு?”

அப்பாவுக்கு வலது கண் தெரியாது, ஆனால் அது ஃபேக்டரியில் லேத்திலிருந்து இரும்புத்தூள் தெறித்து வந்தது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “நிச்சயமா தெரியுமா?” என்றார்.

1993-ல் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனது நீதான். எனக்கு அப்போது பதின்மூன்று வயது, உனக்குப் பதினேழு. அது இரும்புத்தூளா? ஒரு வரி போதும். பதில் போடு.

தியோடர்


கெங்கேரி
8 அக்டோபர்

அன்புள்ள தியோ,

உறைமேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் உட்காரக்கூட இல்லை. ஸ்கூலுக்குக் கிளம்பியவள் தோளில் பையோடு வாசலில் நின்றே படித்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு முதல் பீரியட் கணக்கு, போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்கள். என்ன நடத்தினேன் என்று எனக்கே தெரியாது.

உனக்கா இப்படி? நாற்பத்துநான்கு ஒரு வயதா? இன்னொரு டாக்டரிடமும் காட்டு. இயந்திரம் தப்பாகவும் காட்டுமாம், இங்கே ஸ்டாஃப் ரூமில் ஒருத்தருக்கு அப்படி ஆகியிருக்கிறது. சொட்டு மருந்து கொடுத்தார்களா? வேளைக்கு விடு. லீனாவுக்குத் தெரியுமா? கடிதத்தைப் பார்த்தால் அவளுக்கு நீ சொன்ன மாதிரித் தெரியவில்லை. கட்டினவளிடம் மறைக்காதே, சொல்லிவிடு. உன் அத்தான் டிரேவர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். சோனியாவுக்கு மங்களூரில் இரண்டாம் வருடம், லீவுக்கு வரும்போதெல்லாம் மாமா எப்படி இருக்கார் என்று கேட்கிறாள், என்ன சொல்வது என்று தெரியாமல் பேச்சை மாற்றுகிறேன்.

நீ கேட்டது. அப்பாவுக்கு இரும்புத்தூள்தான். லேத்தில் நிற்கும்போது பட்டது. நீ கேள்விப்பட்டதுதான், அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. டாக்டர் இங்கிலீஷில் வேகவேகமாகப் பேசினார், எனக்குப் பாதி புரியவில்லை.

தினமும் உனக்காக ஜெபிக்கிறேன்.

அக்கா


கெங்கேரி
9 அக்டோபர்

தியோ,

நேற்று நான் எழுதியது பொய்.

காலையில் ஏழரைக்குத் தபால்பெட்டியில் போட்டேன். மத்தியானம் ஸ்கூலிலிருந்து பர்மிஷன் கேட்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். கடிதங்களை எடுக்க வந்தவரிடம் என் உறையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். “ஹாக்கித மேலே கொடோக்காகல்லா மேடம்” என்று பையில் கொட்டிக்கொண்டு போய்விட்டார். போட்ட பிறகு கொடுக்க முடியாதாம். போட்டது போட்டதுதான். அதனால் அது உனக்கு முதலில் வரும், இது பின்னால் வரும். இதைத்தான் நீ நம்பவேண்டும்.

அப்பாவுக்கு இரும்புத்தூள் ஒன்றும் விழவில்லை. அப்பாவுக்கும் க்ளாக்கோமா.

ஜூன் மாதம், மழை. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் அம்மாவை விட்டுவிட்டு என்னைக் கூட்டிப்போனார். டாக்டர் மெதுவாகத்தான் பேசினார். எனக்கு எல்லாமே புரிந்தது. வலது கண் போய்விட்டது, இடது கண்ணைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், உச்சத்தில் ஊதுவதை நிறுத்தவேண்டும் என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, இது குடும்பத்தில் வரும், பிள்ளைகளை வருடா வருடம் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றார். அதையும் அப்பாவுக்குத் தமிழில் நான்தான் சொன்னேன்.

பஸ்ஸில் வரும்போது அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். அல்சூர் ஏரி வந்ததும் சொன்னார்:

“தியோகிட்ட சொல்லாதம்மா.”

“ஏம்ப்பா?”

“இப்பதான் மேல் ஜி புடிச்சிருக்கான். பயந்துட்டான்னா அதோட விட்டுடுவான்.”

“பிள்ளைங்களயும் கூட்டிட்டு வரச் சொன்னாரே டாக்டர்.”

“அவன் உங்கம்மா ஜாடை. அவனுக்கு வராது.”

அப்புறம் கண்ணுக்கு என்ன ஆச்சு என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று என்னிடமே கேட்டார். எது சொன்னால் நம்புவார்கள் என்றார். நான் யோசித்துச் சொன்னேன். லேத், இரும்புத்தூள். தியோ, அது அப்பா கட்டிய கதை இல்லை. நான் கட்டியது.

அதற்கப்புறம் என் கல்யாணம்வரை தினம் காலை ஆறு மணிக்குச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்கு நான்தான் சொட்டு மருந்து விட்டேன். அம்மாவுக்குக்கூட அது தூசிக்கு விடுகிற மருந்து என்றுதான் தெரியும்.

கல்லறையில் நீ மூச்சை இழுத்தபோது உன் வலது கண் ஓரம் துடித்தது. அப்பாவுக்கு ஆரம்பத்தில் அப்படித்தான் துடிக்கும். அது அந்த நோயால் வந்ததா, சும்மா துடித்ததா, எனக்குத் தெரியாது. பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. அதுதான் பிடுங்கினேன். அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

ஸ்வர்ணா


காக்ஸ் டவுன்
15 அக்டோபர்

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. மேலே இருந்ததை முதலில் பிரித்தேன், அது இரண்டாவது கடிதம். அதைப் படித்த பிறகு உன் முதல் கடிதத்தைப் படித்தேன். ‘டாக்டர் வேகவேகமாகப் பேசினார், பாதி புரியவில்லை.’ எவ்வளவு சுலபமாக உனக்கு வந்திருக்கிறது!

நான் தப்பாகப் படிக்கிறேனோ என்று தோன்றியது. இந்தக் கண்ணை நம்ப முடியாதே. லீனாவைக் கூப்பிட்டு, சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அவளுக்கு என் கண் விஷயம் தெரிந்ததே அப்படித்தான். படித்துக்கொண்டே வந்தவள், ‘அப்பாவுக்கும்’ என்ற இடத்தில் நிறுத்தி, “அப்பாவுக்கும்னா? வேற யாருக்கு?” என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனவள் சாயங்காலம்வரை என்னோடு பேசவில்லை. அதுவும் நியாயம்தான்.

முப்பத்தோரு வருடம்.

காலை ஆறு மணிக்கு நீங்கள் இரண்டு பேரும் சமையலறையைச் சாத்திக்கொண்டது எனக்குத் தெரியும். ஜெபம் செய்கிறீர்கள் என்று நினைத்தேன். என்னை ஏன் சேர்த்துக்கொள்வதில்லை என்று புரியாமல், கதவுக்கு வெளியே நானும் முட்டிபோட்டு உட்கார்ந்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு. உனக்குத் தெரியுமா இது? எத்தனை நாள் தெரியுமா?

சாயங்காலம் அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்காருவார். நான் ஏறுவேன். ஏ, பி ஃபிளாட், பி. “இன்னும் அரைப்படி, இன்னும் அரைப்படிடா” என்பார். எட்டு எண்ணுவதற்குள் நான் விட்டுவிட்டால் முதலிலிருந்து. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஊதுவேன். ஒரு கண் செத்துப்போன முகம். அது எதனால் செத்தது என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு அரைப்படிக்கும் தெரியும். சுவருக்கு அந்தப்பக்கம் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்த உனக்கும் தெரியும். தெரியாதவன் ஊதிக்கொண்டிருந்த நான் மட்டும்தான்.

நேற்று டாக்டரிடம் போய்ச் சொன்னேன். பத்து வருடம் முன்னால் வந்திருந்தால் இந்தப் படம் முழுசாக இருந்திருக்கும் என்றார்.

காரணம்கூடச் சொல்லியிருக்கவேண்டாம் நீ. ‘தியோ, வருடத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டிக்கொள்.’ இவ்வளவுதான். இந்த ஒரு வரியைச் சொல்ல முடியாமல் உன்னை எது தடுத்தது? பதினேழு வயதில் வாக்குக் கொடுத்தாய், சரி. இருபத்தேழில்? முப்பத்தேழில்? ஏன்?

இன்னொன்று. எனக்கு அம்மா ஜாடை, அதனால் வராது என்றாராமே. நீ அச்சு அசல் அப்பா. சர்ச்சில் எல்லாரும் சொல்வார்கள். உன்னை யாராவது சோதித்தார்களா?

தியோடர்


கெங்கேரி
20 அக்டோபர், ஞாயிறு

தியோ,

நீ கதவுக்கு வெளியே முட்டிபோட்டிருந்தது எனக்குத் தெரியாது. அதைப் படித்த பிறகு இரண்டு நாள் சமையல் செய்ய முடியவில்லை. டிரேவர்தான் செய்தார்.

ஏன் என்று கேட்டிருக்கிறாய். நல்ல பதிலாக ஒன்று எழுதலாமா என்று நான்கு காகிதம் கிழித்துவிட்டேன். நிஜம் இதுதான், கேவலமாக இருந்தாலும்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பாவிடம் டிரம்பெட்டைக் கேட்டேன். “பொண்ணுங்களுக்கு உதடு கெட்டுடும்” என்று சிரித்துவிட்டுப் பெட்டியைப் பூட்டினார். உனக்கு ஒன்பது வயதானதும் அவரே கொண்டுவந்து உன் கையில் கொடுத்தார். அதற்கப்புறம் வீட்டில் சாயங்காலம் என்றால் நீயும் அவரும்தான். நான் சுவருக்கு இந்தப்பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டே நீ ஊதுவதற்கு எட்டு எண்ணுவேன். நீ விடும்வரை நானும் மூச்சை விடமாட்டேன். நீ எந்தச் சுரத்தில் உடைவாய் என்று எனக்கு முன்னாடியே தெரியும்.

அப்படி இருந்த எனக்கு, பஸ்ஸில் அப்பா அந்த ரகசியத்தைக் கொடுத்தார். அவர் எனக்கென்று கொடுத்தது அது ஒன்றுதான். காலையில் ஆறு மணிக்கு அவர் முகத்தைத் தூக்கிக் காட்டுவார், நான் இமையைப் பிடித்து மருந்து விடுவேன். அந்த ஐந்து நிமிடம் எனக்கு மட்டும் சொந்தம். உன்னிடம் சொல்லியிருந்தால் அதுவும் உன்னுடையதாகியிருக்கும். பதினேழு வயதில் என் மனசு அப்படித்தான் இருந்தது. மன்னிப்புக்காக எழுதவில்லை. நீ கேட்டாய், சொல்கிறேன்.

பெரியவளான பிறகு வேறு பயம். சொன்னால், ‘இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை’ என்று கேட்பாயே. உன் கல்யாண ரிசப்ஷனில் சொல்லிவிட நினைத்து உன்னைத் தனியாகக் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நீ டை முடிச்சைச் சரிசெய்யச் சொல்லிக் கழுத்தைக் காட்டினாய். சரிசெய்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டேன். வருடம் கூடக்கூட அது சொல்ல முடியாததாகிவிட்டது. நீ நன்றாகத்தானே இருக்கிறாய், அப்பா சொன்ன மாதிரி உனக்கு வரவில்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. எனக்கு ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருடமாகப் போர்டில் எழுதுகிறேன், எழுத்து எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. ஸ்கூட்டரில்தான் ஸ்கூலுக்குப் போகிறேன். என் ஓட்டுதல்தான் மோசம், இந்த வருடம் கேட் தூணில் இடித்து இரண்டு தடவை இடதுபக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டேன். டிரேவர் கிண்டல் செய்கிறார். கேட்டும் குறுகல்.

நீ அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டாயா? அதைச் சொல்லவே இல்லையே.

அக்கா


காக்ஸ் டவுன்
26 அக்டோபர்

அக்கா,

ஸ்கூட்டரைத் தொடாதே. டிரேவர் அத்தானிடம் சாவியைக் கொடுத்துவிடு. இந்தக் கடிதம் வந்த அன்றே கண் ஆஸ்பத்திரிக்குப் போ. இரண்டு தடவையும் இடது பக்கம் என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். கணக்கு வாத்தியாருக்கு இது தெரியவில்லையா? போர்டு பளிச்சென்று தெரிவது கணக்கே இல்லை. எனக்கும் பளிச்சென்றுதான் தெரிந்தது. இது ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும், நடுவில் கடைசியாகத்தான் கைவைக்கும். கூடப்பிறந்தவர்களை உடனே அனுப்பச் சொல்லி டாக்டர் என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார். நான் கோபத்தில் அதை உனக்கு எழுதாமல் வைத்திருந்தேன். பத்து நாள். நீ முப்பத்தோரு வருடம், நான் பத்து நாள். இரண்டும் ஒரே வேலைதான்.

பயிற்சியைக் கேட்டிருந்தாய். உடனே நிறுத்தவில்லை. டாக்டர் சொன்ன பிறகும் மூன்று நாள் ஊதினேன், லீனா கடைக்குப் போகும் நேரம் பார்த்து. மூன்றாம் நாள் மேல் டி வந்தது. சுத்தமாக, எட்டு எண்ணும்வரை வந்தது. இருபது வருடமாக வராதது. அந்த எட்டு முடியும்போது வலது கண்ணில் நோட்டுப் பலகையே இல்லை. வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். சந்தோஷமா பயமா என்று எனக்கே தெரியவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். டாக்டருக்குக்கூடச் சொல்லவில்லை.

போன ஞாயிறு ஒத்திகையில் கிளிஃபர்டிடம் முதல் டிரம்பெட் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். “என்ன குரு, டி வரலையா? ஸி போட்டுத் தரேன்” என்றார். எல்லார் முன்னாலும் சொன்னேன்: “டி வருது. எனக்கு க்ளாக்கோமா. எங்கப்பாவுக்கும் அதுதான். இரும்புத்தூள் இல்ல.” அப்பாவைத் தெரிந்தவர்கள் அங்கே பத்துப் பேர் இருந்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. கீழ்க்குரல் பேஸ் பாடும் அமல் மட்டும் பக்கத்தில் வந்து, எந்த டாக்டர் என்று மெல்லக் கேட்டான். அவனுடைய அம்மாவுக்கும் இருக்கிறதாம், யாரிடமும் சொன்னதில்லையாம். இதற்காகவா அப்பா இத்தனை வருடம் பயந்தார்?

நான் மூன்றாவது பாகம் வாசிக்கிறேன். உச்சத்துக்கு ஏறாமல் ஐந்து கோடுகளுக்குள்ளேயே நடக்கும் பாகம். அதற்கு டாக்டர் சம்மதித்திருக்கிறார்.

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. கண்ணைக் காட்டிவிட்டு எழுது.

தியோ


கெங்கேரி
7 நவம்பர்

தியோ,

கண்ணைக் காட்டிவிட்டு எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே போகவில்லை. தீபாவளி லீவு, பரீட்சைத் தாள், ஏதேதோ சொல்லித் தள்ளினேன். டிரேவர் உன் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டு, ஸ்கூட்டர் சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை போனோம்.

அதே இயந்திரம்தான் போலிருக்கிறது. இருட்டு அறை, வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒன்று, அதற்குள் முகம். முதலில் வலது கண். புள்ளி புள்ளியாக வந்தது, அழுத்திக்கொண்டே இருந்தேன். சில இடத்தில் கொஞ்சம் தாமதமாக வந்த மாதிரி இருந்தது. இவ்வளவுதானா, இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று நினைத்தேன். அப்புறம் வலது கண்ணை மூடி, இடது கண்ணுக்கு வைத்தார்கள். நடுவில் இரண்டு மூன்று புள்ளி வந்தது, அழுத்தினேன். அதற்கப்புறம் ஒன்றுமே வரவில்லை. காத்துக்கொண்டே இருந்தேன். பொத்தான்மேல் கட்டை விரல் வலித்தது. மிஷின் டக், டக் என்று மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு அங்கே இருந்த பெண்ணிடம் சொன்னேன்:

“மிஷின் நின்னுபோச்சும்மா. லைட்டே வரல.”

அவள் வந்து பார்த்தாள். “ஓடுதே மேடம்” என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “லைட் வந்துட்டேதான் இருக்கு. நீங்கதான் பட்டன ஒத்தல.”

தியோ, அந்த இருட்டுக்குள் என் முகத்தை எடுக்க முடியவில்லை. வந்துகொண்டே இருக்கிறதாம். எனக்கு முன்னால், வரிசையாக, வந்துகொண்டே. நான் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதே எனக்குத் தெரியவில்லை.

இடது கண்ணில் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் மீதி. வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. டாக்டர் எத்தனை வருடமாக என்று கேட்டார், நான் என்ன சொல்வது? வகுப்பில் இடது பக்கக் கடைசிப் பெஞ்சுப் பிள்ளைகள், “மிஸ், எங்களக் கேக்கவே மாட்டேங்கிறீங்க, கை தூக்கினாலும் பாக்கமாட்டேங்கிறீங்க” என்பார்கள். சேட்டை என்று நினைத்து அதட்டியிருக்கிறேன். ஐந்து வருடமாவது இருக்கும்.

இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் வலது கண்ணும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்றார். யார் அனுப்பினார்கள் என்று கேட்டார். தம்பி என்றேன். மீதியை டிரேவர்தான் சொன்னார்.

பதினேழு வயதில் டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார், பிள்ளைகள் என்று. அதை நான் உன்னைச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன். அப்பாவும் உன்னைப் பற்றி மட்டும்தான் பேசினார். அந்த வீட்டில் நானும் ஒரு பிள்ளை என்பது, தியோ, எனக்கே தோன்றவில்லை. உன்னிடம் மறைக்கிறேன் என்று நினைத்து என்னிடமே மறைத்துக்கொண்டிருக்கிறேன்.

சோனியாவுக்கு அன்று சாயங்காலமே போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், தாத்தாவிலிருந்து. அழுதாள். அடுத்த வாரம் மங்களூரிலேயே காட்டிக்கொள்கிறாள்.

இடது கண்ணுக்கு அழுத்தத்தைக் குறைக்க ஆபரேஷன். 13-ஆம் தேதி, புதன், காலை எட்டு மணி. பார்வை திரும்பாது, மீதி இருப்பது நிற்கும். பயமாக இருக்கிறது. நீ வா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. தேதியை மட்டும் எழுதுகிறேன்.

அக்கா


மெட்ரோவில்
12 நவம்பர், செவ்வாய்

அக்கா,

உன் கடிதம் இன்று மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும்தான் கையில் கிடைத்தது. லீனா பிரித்துப் படித்துவிட்டு, எனக்கு முன்னாடியே என் துணியைப் பையில் வைத்துவிட்டாள். அல்சூரில் ஏறினேன். நேராக கெங்கேரி, மாறவேண்டியதுகூட இல்லை. இரண்டு வருடம் நாம் இருவரும் ஒரே ரயில் பாதையின் இரண்டு பக்கம் இருந்திருக்கிறோம். இதைத் தபாலில் போடப்போவதில்லை, கையில் கொடுப்பேன். நேரில் பேச ஆரம்பித்தால் இதில் பாதி வாயில் வராது. அதனால் எழுதுகிறேன்.

‘லைட் வந்துட்டேதான் இருக்கு’ என்ற இடத்தைத் தாண்டி முதல் தடவை என்னால் படிக்க முடியவில்லை. நின்றுகொண்டிருந்தவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேல் வீட்டு அம்மா என்ன ஆச்சு, யாருக்கு என்ன ஆச்சு என்று ஓடிவந்தார். அக்காவுக்கு என்றேன். அவருக்கு எனக்கு அக்கா இருப்பதே தெரியாது. ஒன்றரை வருடமாக மேல் வீட்டில் இருக்கிறார்.

நீ என்னைவிட மோசமாக இருப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. உன்னைச் சோதிக்கச் சொன்னபோதுகூட, கொஞ்சம் உன்னைக் குத்திக்காட்டத்தான் சொன்னேன். அதையும் நீ தெரிந்துகொள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டேன், காகிதத்தில் பார்ப்பாய். அது எப்போது வருமோ தெரியாது. வந்த பிறகு கிளம்பலாம் என்று இருந்தால், நீ என் கல்யாணத்தில் சொல்ல நேரம் பார்த்தது மாதிரி, நானும் பார்த்துக்கொண்டே இருந்துவிடுவேன். அதனால் அது வராமலேயே வருகிறேன். ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறேன். கோபம் வந்தால் உன் வீட்டிலேயே உட்கார்ந்து கோபப்படுகிறேன். அத்தானுக்குச் சொல்லி வை.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஏறும்போதே கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. வேண்டாம் என்று நீ சொல்லிவிடுவாயோ என்று எனக்கும் பயம்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் நான் அழுவதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்ல பெண்.

அடுத்தது கெங்கேரி என்று சொல்கிறார்கள். உன் வாசலில் நீ நின்றிருந்தால் உன் வலது பக்கமாகத்தான் வருவேன். நீ பார்க்கிற பக்கமாக.

தியோ